பழைய போனவில்லுக்குப் புதிய கார்புரேட்டர்: எதை வாங்குவது?

கேள்வி இதுதான். இங்கிலாந்தில் இருக்கும் 1969ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் போனவில் டி120 மோட்டார் சைக்கிள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் அதன் இரண்டு அமல் நிறுவனக் கார்புரேட்டர்களும் தேய்ந்துவிட்டன. ஐடிலிங் ஒரு நிலையில் நிற்பதில்லை, நிறுத்தி வைத்தால் பெட்ரோல் வழிகிறது. ஒருவர் ஜப்பானிய மிகுனி போடச் சொல்கிறார். இன்னொருவர் இரண்டையும் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்றைப் பொருத்தச் சொல்கிறார். மூன்றாமவர் 30 மில்லிமீட்டர் துளைக்குப் பதில் 32 போட்டால் வண்டி பறக்கும் என்கிறார். எதைக் கேட்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார இறுதியில் ஊர்ச் சாலைகளில் ஓட்டும் வண்டி என்றால், அதே 30 மி.மீ. அளவில், அமல் மார்க் 1 கான்சென்ட்ரிக் வகையின் 'பிரீமியர்' பதிப்பில் இடது வலது என ஒரு ஜோடி வாங்குங்கள். இந்த என்ஜினுக்கு எந்த அளவு, எந்த ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை), எந்த ஸ்லைடு (காற்று வழியைத் திறந்து மூடும் உருளை) என்பதையெல்லாம் ட்ரையம்ஃபின் மெரிடன் தொழிற்சாலை ஏற்கெனவே சோதித்து எழுதி வைத்திருக்கிறது. அந்த உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு கார்புரேட்டரை வைத்துக்கொண்டு நீங்களே முதலிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் என் கேள்வி. சிலருக்கு அந்த அவசியம் உண்மையாகவே இருக்கும். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: கோளாறு கார்புரேட்டரில்தான் இருக்கிறதா? பழைய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் கார்புரேட்டர்மீது விழும் பழியில் பெரும்பங்கு இக்னிஷனுக்குச் சேர வேண்டியது. 1968 முதல் போனவில்லில் வந்த, பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் லூகாஸ் 6சிஏ பாயிண்டுகளில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டைமிங் வைக்க முடியும்; அதாவது ஒன்று சரியாகவும் மற்றது தவறாகவும் இருக்கவும் முடியும். முழு அட்வான்ஸில், அதாவது வேகம் ஏற ஏறப் பொறி முந்திக்கொண்டே போய் எல்லையை எட்டும்போது, பிஸ்டன் மேல்முனையை எட்டுவதற்கு 38 டிகிரி முன்னால் பொறி விழ வேண்டும், இரண்டு பக்கமும். பாயிண்டுக்குப் பின்னாலுள்ள அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் என்ஜின் வேகம் இறங்க மறுக்கும். பார்ப்பவர்கள் 'ஸ்லைடு சிக்குகிறது' என்பார்கள். ஸ்லைடுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. வால்வு இடைவெளியையும் பாருங்கள்: குளிர்ந்த என்ஜினில் இன்லெட் 0.002 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.004 அங்குலம். இதெல்லாம் ஒரு மதிய நேர வேலை. ஒரு ஜோடி கார்புரேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் செலவே இல்லை.

அடுத்தது காற்றுக் கசிவு. டி120-இன் சிலிண்டர் ஹெட்டில் இன்லெட் குழாய்த் துண்டுகள் மரை வைத்துத் திருகப்பட்டு, பூட்டு வளையத்தால் இறுக்கப்பட்டிருக்கும். ஐம்பது ஆண்டு அதிர்வில் அந்த மரை தளர்ந்துபோவது சகஜம். கார்புரேட்டரைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். குழாயோடு சேர்ந்து ஆடினால் விடை கிடைத்துவிட்டது. அந்த மரை போன ஹெட்டில் எந்தக் கார்புரேட்டரைப் பூட்டினாலும் ஒரு சிலிண்டர் மெலிந்த கலவையில்தான் ஓடும். ஐடிலிங்கில் ஓடும்போது இணைப்புகளின் மேல் மெல்லிய எண்ணெயைச் சிறிது தெளித்து, ஓசை மாறுகிறதா என்று கேட்பதும் நல்ல சோதனை. சூடான எக்ஸாஸ்ட் குழாய்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரு இன்லெட் குழாய்களையும் இணைக்கும் சிறு ரப்பர் குழாய் உங்கள் வண்டியில் இருந்தால் அதன் நிலையையும் பாருங்கள். வெடித்த ரப்பர் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கெடுக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தொல்லை தீரவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழற்றலாம். தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மேல்மூடியின் இரண்டு திருகுகளையும் எடுத்து, ஸ்லைடை உருவி, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். என்ஜினைப் பார்க்கும் பக்கத்தில் மட்டும் கண்ணாடிபோல் பளபளப்பான திட்டு ஒன்று இருக்கும். என்ஜின் உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் ஸ்லைடு அந்தப் பக்கம் இழுபட்டு உராய்கிறது; தேய்வது அங்கேதான். அதே இடத்தில் கார்புரேட்டரின் உட்சுவரை விரல் நுனியால் தடவினால், ஸ்லைடு மூடிய நிலையில் நிற்கும் உயரத்தில் ஒரு சிறு படி தட்டுப்படும். ஸ்லைடை மறுபடி உள்ளே விட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் கதை முடிந்தது. மூடிய நிலையில் ஸ்லைடைச் சுற்றிக் காற்று புகுந்துகொண்டே இருக்கும். ஐடிலிங் கலவையை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது.

ஏன் இப்படித் தேய்கிறது? மார்க் 1-இன் உடலும் ஸ்லைடும் இரண்டுமே துத்தநாகக் கலவை வார்ப்பு. ஒரே உலோகம் ஒன்றோடொன்று உராய்ந்தால் இரண்டும் சேர்ந்து தேயும், சில சமயம் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மலிவாக, வேகமாக, லட்சக்கணக்கில் வார்த்தெடுக்க அந்த உலோகம் தோதாக இருந்தது. 1967இல் கான்சென்ட்ரிக் வந்தபோது, அதற்கு முன் பத்தாண்டுக்கு மேல் கோலோச்சிய மோனோபிளாக்கைவிட அது எளிமையானது, கச்சிதமானது; பெட்ரோல் கிண்ணம் பக்கவாட்டில் தொங்காமல் ஜெட்டுக்கு நேர் கீழே, ஜெட்டைச் சுற்றியே அமைந்திருந்ததால் வண்டி சாயும்போதும் பெட்ரோல் மட்டம் அதிகம் மாறவில்லை. வடிவமைப்பு நல்லது. உலோகத் தேர்வுதான் அதன் ஆயுளைக் குறைத்தது.

தேய்மானத்தோடு இன்னொரு நோயும் உண்டு. அது பெரும்பாலும் வண்டிக்காரர்களின் கைவண்ணம். கார்புரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் தட்டையான முகத்தில் இரண்டு காதுகள் இருக்கும். கசிவு வரக் கூடாது என்று அந்த நட்டுகளை மூச்சைப் பிடித்து முறுக்கினால் காதுகளும் முகமும் வளைந்து, உடலே நீள்வட்டமாகிவிடும். பிறகு ஸ்லைடு சிக்கத் தொடங்கும். ஒரு எஃகு அளவுகோலின் விளிம்பை முகத்தின் குறுக்கே வைத்து விளக்குக்கு எதிரே பிடியுங்கள். இடையில் எங்காவது வெளிச்சம் தெரிந்தால் முகம் வளைந்திருக்கிறது. கண்ணாடித் துண்டின் மேல் நைஸான உப்புத்தாளை வைத்துத் தேய்த்து அதைச் சமன் செய்யலாம். நடுவிலுள்ள ஓ-ரிங்குக்கான பள்ளம் ஆழம் குறையாதபடி அளவாகத் தேய்க்க வேண்டும். புதிய கார்புரேட்டரைப் பொருத்தும்போதும் இதே எச்சரிக்கை: ஓ-ரிங் நசுங்கிக் காற்றை அடைத்தால் போதும், நட்டை அதற்கு மேல் முறுக்காதீர்கள்.

ஐடிலிங் மட்டும்தான் பிரச்சினை, ஸ்லைடு நன்றாக இருக்கிறது என்றால் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். பக்கவாட்டிலுள்ள காற்றுத் திருகை முழுவதும் உள்ளே திருகினாலும் வெளியே எடுத்தாலும் ஓசையில் மாற்றமே இல்லையென்றால், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் வழி அடைத்திருக்கிறது. மார்க் 1-இன் தொடக்க காலத்தில் பைலட் ஜெட்டைக் கழற்ற முடியும். பிறகு வந்தவற்றில் அதை உடலுக்குள்ளேயே, காற்றுத் திருகின் துளைக்கு அடியில், நிரந்தரமாக அடித்து இறக்கிவிட்டார்கள். அதன் துளை 0.016 அங்குலம், அதாவது 0.4 மி.மீ. கெட்டுப்போன பெட்ரோல் காய்ந்து அந்தத் துளையில் அரக்குபோல் ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் கிளீனர் அடித்தால் மட்டும் போகாது. 78ஆம் எண் ட்ரில் பிட்டை ஒரு கம்பியின் நுனியில் பற்றவைத்து, திருகின் துளை வழியாக விட்டு விரலால் சுழற்றுவதுதான் பழகிய மெக்கானிக்குகளின் வழி. 0.016 அங்குல கிட்டார் கம்பியும் அந்த வேலையைச் செய்யும். செத்துவிட்டது என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ கார்புரேட்டர்கள் இந்த ஒரு கம்பியால் உயிர் பெற்றிருக்கின்றன.

சரி, உண்மையாகவே தேய்ந்துவிட்டது. இனித் தேர்வுக்கு வருவோம்.

பழைய உடலையே துளை பெரிதாக்கி, ஸ்லைடுக்கு வேறு உலோகத்தில் உறை போட்டுத் தரும் பட்டறைகள் இங்கிலாந்தில் இருக்கின்றன. நல்ல கையில் அது அருமையான வேலை. துத்தநாகம் துத்தநாகத்தோடு உராயும் குறையும் தீர்ந்துவிடும். உங்கள் வண்டியில் இருப்பவை தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட அதே கார்புரேட்டர்கள், உடலில் பொறித்த எண்ணும் அந்த ஆண்டுக்கு உரியது, வண்டியைக் காட்சிப் போட்டிகளுக்கும் கொண்டுபோவீர்கள் என்றால் இதுதான் வழி. மற்றவர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. முகம் வளைந்தது, திருகு மரை போனது, பைலட் வழி அரித்தது என்று உடலில் வேறு குறைகளும் சேர்ந்திருக்கும். ஸ்லைடை மட்டும் சீர்செய்து பயனில்லை.

புதிதாக வாங்குவதானால் இன்றும் அமல் பெயரில் அசல் பொருள் கிடைக்கிறது. 1927இல் பிரவுன் அண்ட் பார்லோ, அமாக், பிங்க்ஸ் என்ற மூன்று கார்புரேட்டர் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பர்மிங்ஹாமில் தொடங்கியது அமல். கை மாறிக் கை மாறி, இப்போது அதன் உரிமை சாலிஸ்பரியிலுள்ள பர்லன் நிறுவனத்திடம் இருக்கிறது; 2003இல் அவர்கள் வாங்கினார்கள். பழைய வடிவத்திலேயே சாதாரண மார்க் 1-ஐயும், மேம்படுத்திய பிரீமியரையும் அவர்கள் விற்கிறார்கள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் பிரீமியரின் ஸ்லைடு. அது கடின அனோடைஸ் செய்த அலுமினியம். மேற்பரப்பு துத்தநாகத்தைவிடப் பல மடங்கு கடினம், உடலோடு ஒட்டிப் பிடிப்பதில்லை, தேய்மானம் மிகக் குறைவு. பைலட் ஜெட்டைக் கழற்றி மாற்றலாம். மேலே சொன்ன கிட்டார் கம்பி வித்தைக்கு வேலையே இல்லை, மாற்று அளவு ஜெட் போட்டு ஐடிலிங் கலவையைத் துல்லியமாக வைக்கவும் முடியும். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையும் மாறியிருக்கிறது: பழைய பிளாஸ்டிக் மிதவை காலப்போக்கில் பெட்ரோலைக் குடித்து மூழ்கும், புதியது மூழ்காது, மட்டத்தையும் சரிசெய்யலாம். மிதவை ஊசி முனையில் விட்டான் ரப்பர் இருப்பதால் பெட்ரோலைச் சுத்தமாக அடைக்கும். உங்கள் வண்டிக்கு அடியில் விழும் பெட்ரோல் துளிக்கு மருந்து பெரும்பாலும் இந்த இரண்டும்தான். வெளித்தோற்றம் 1969இல் இருந்ததைப் போலவே இருக்கும். தெரியாதவர் கண்டுபிடிக்க முடியாது. இந்த மேம்பட்ட ஸ்லைடு, மிதவை, ஊசி ஆகியவை தனி உதிரிபாகங்களாகவும் கிடைக்கின்றன. உங்கள் பழைய உடலின் உட்சுவர் இன்னும் நேராக இருந்தால் அவற்றை மட்டும் வாங்கிப் போடுவதே சிக்கனம்.

ஒரு எச்சரிக்கை. அமல் போலவே தோற்றமளிக்கும் நகல்கள் சந்தையில் இருக்கின்றன. துளை அளவு ஒன்றாக இருக்காது, ஜெட்டில் பொறித்த எண்ணுக்கும் உள்ளே போகும் பெட்ரோலுக்கும் தொடர்பிருக்காது. அமல் மெயின் ஜெட்டின் எண் என்பது குறிப்பிட்ட நிலையில் நிமிடத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் பாய்கிறது என்பதைக் காட்டுவது. அந்த எண்ணை நம்ப முடியாவிட்டால் தொழிற்சாலைக் கையேட்டில் இருக்கும் எந்த அளவும் உங்களுக்கு உதவாது. ஜெட்டுகளையும், ஸ்லைடிலிருந்து தொங்கும் நீடில் (ஊசி) நுழையும் நீடில் ஜெட்டையும் நம்பகமான அமல் விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

இனி 32 மி.மீ. ஆசை. கான்சென்ட்ரிக்கின் எண்ணைப் படிப்பது எளிது: 930 என்றால் 900 வரிசை உடல், 30 மி.மீ. துளை, 932 என்றால் 32. விட்டத்தில் 2 மி.மீ.தான் கூடுகிறது, ஆனால் பரப்பளவில் 14 விழுக்காடு கூடுகிறது. அதே காற்று அதிகப் பரப்பில் போகும்போது அதன் வேகம் குறையும். ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் துகள்களாக்குவது அந்தக் காற்றின் வேகம்தான். கீழ் வேகத்தில் ஆக்சிலரேட்டரைத் திறக்கும்போது என்ஜின் ஒரு கணம் தடுமாறுவதும், 40 மைல் வேகத்தில் டாப் கியரில் இழுவை போவதும் இதனால்தான். 32 போட்டால் லாபம் கிடைப்பது நிமிடத்துக்கு 6000 சுழற்சிக்கு மேலே. அங்கே உங்கள் வண்டி ஆண்டில் எத்தனை நிமிடம் இருக்கும்?

இதற்கு நல்ல சாட்சி நார்ட்டன். 745 சிசி கமாண்டோவுக்கு அவர்கள் முதலில் கொடுத்தது ஒரு ஜோடி 30 மி.மீ.தான். 1972இல் கூர்மையான கேம்ஷாஃப்டும் அதிகக் கம்ப்ரஷனும் வைத்த காம்பாட் என்ஜினுக்குத்தான் 32 வந்தது. ட்ரையம்ஃபே தன் பிற்கால 744 சிசி போனவில்லான டி140-க்கும் 930-ஐத்தான் வைத்தது. அவற்றைவிடக் கிட்டத்தட்ட 100 சிசி சிறிய உங்கள் 649 சிசி என்ஜினுக்கு 30 குறைவு என்று யாராவது சொன்னால், கேம்ஷாஃப்டும் பிஸ்டனும் என்ன என்று திருப்பிக் கேளுங்கள். பந்தயத்துக்காக முழுமையாக மாற்றிய என்ஜினாக இருந்தால் அந்தப் பேச்சு நியாயமானது. பெரிய துளையின் எல்லை எங்கே என்று பார்க்க வேண்டுமானால் பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டாரின் டிபிடி34 மாதிரியைப் பாருங்கள்: ஒன்றரை அங்குல அமல் ஜிபி கார்புரேட்டர், பந்தயப் பாதையில் அற்புதம், சிக்னலில் நின்றால் ஐடிலிங்கே கிடையாது. அதை ஓட்டியவர்கள் அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார்கள்.

மிகுனியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது மட்டம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. மிகுனி நிறுவனம் தொடக்கத்தில் அமலின் உரிமத்தோடு கார்புரேட்டர் செய்து வளர்ந்ததுதான்; அந்த வி.எம். வகையின் வட்ட ஸ்லைடையும் நீடிலையும் பார்த்தாலே உறவு தெரியும். ஆனால் குரோமியம் பூசிய ஸ்லைடு, நல்ல வார்ப்பு, கழற்றக்கூடிய ஜெட்டுகள் என்று அமல் கவனிக்காமல் விட்டதையெல்லாம் அவர்கள் கவனித்தார்கள். ரப்பர் குழாயில் பொருத்துவதால் முகம் வளையும் பேச்சே இல்லை. குளிரில் ஸ்டார்ட் செய்ய ஒரு நெம்புகோலைத் தூக்கினால் போதும். அமலில் கிண்ணத்தைப் பெட்ரோலால் நிரப்பும் டிக்ளர் என்ற பொத்தானை அழுத்தி விரலெல்லாம் பெட்ரோல் நனைய நிற்க வேண்டும். மழை, குளிர் பார்க்காமல் தினமும் வேலைக்கு ஓட்டுபவருக்கு மிகுனி நல்ல துணை.

அதன் விலை வேறு இடத்தில் வருகிறது. டி120-இன் இன்லெட் வழிகள் ஒன்றுக்கொன்று விலகி விரிந்தவை. மிகுனியின் உடல் நீளமானது. அதன் பின்னால் காற்று வடிகட்டிக்கும் ஆயில் டேங்குக்கும் இடையே இடம் நெருக்கடி. அதைவிடப் பெரிய வேலை ட்யூனிங். மெயின் ஜெட்டை மட்டும் சரியாகப் பிடித்துவிட்டு முடிந்தது என்பவர்கள் அதிகம். ஆனால் மெயின் ஜெட் பேசுவது ஆக்சிலரேட்டரின் கடைசிக் கால்பங்கில்தான். எட்டில் ஒரு பங்கு வரை பைலட், அங்கிருந்து கால்பங்கு வரை ஸ்லைடின் அடிவிளிம்பிலுள்ள வெட்டு, கால் முதல் முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும். சாலையில் நீங்கள் செலவிடும் நேரமெல்லாம் நடுப்பகுதியில். அங்கே சரியான நீடிலைக் கண்டுபிடிக்க நிறையப் பொறுமையும், ஒரு பெட்டி நிறைய பித்தளைத் துண்டுகளும் வேண்டும். வேறொருவர் அதே என்ஜினில், அதே எக்ஸாஸ்டில், அதே வடிகட்டியில் முழுவதும் ட்யூன் செய்து வைத்த அளவுகள் கையில் கிடைத்தால் மட்டும் மிகுனியை யோசியுங்கள்.

கெய்ஹின் எஃப்.சி.ஆர். போன்ற தட்டை ஸ்லைடு, ஆக்சிலரேட்டர் பம்ப் வைத்த கார்புரேட்டர்கள் பந்தய என்ஜினில் உயிரைக் கொடுத்து வேலை செய்யும். 9:1 கம்ப்ரஷன் உள்ள சாதாரண சாலை வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஒற்றைக் கார்புரேட்டருக்கு வருவோம். இரண்டைச் சமன்படுத்தும் தொல்லை ஒழிந்தது, ஒரே கேபிள், பெட்ரோல் செலவும் குறையும் என்பதெல்லாம் உண்மை. கமாண்டோவில் ஒற்றை மிகுனி வி.எம்.34 பொருத்தி நிம்மதியாக ஓட்டுபவர்கள் நிறைய. ஆனால் போனவில்லின் ஹெட் இரண்டு கார்புரேட்டருக்காக விரிந்த வழிகளோடு வார்க்கப்பட்டது. அதில் ஒய் வடிவக் குழாயை மாட்டினால் கலவை கூர்மையாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. இரண்டு சிலிண்டருக்கும் சமமாகப் போவதில்லை. ஒற்றைக் கார்புரேட்டர் 650 வேண்டும் என்றால் ட்ரையம்ஃபே அதற்கென்று ஹெட் வார்த்து டிஆர்6 என்ற வண்டியைச் செய்தது. ஓட்டுவதற்கு அது மிக இனிமையான வண்டி, பலருக்குப் போனவில்லைவிடப் பொருத்தமானதும்கூட. ஆனால் 1959இல் போனவில் பிறந்ததே இரட்டைக் கார்புரேட்டரோடுதான். அந்தப் பெயரை டேங்கில் வைத்துக்கொண்டு ஒன்றைக் கழற்றிப் போடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

வாங்கும்போது உங்கள் வண்டியின் ஆண்டையும் மாதிரியையும் சொல்லி, அதற்கான ஜெட், ஸ்லைடு, நீடில் போட்டே தரும்படி கேளுங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான அமலும் வெளியே பார்க்க இதே போலத்தான் இருக்கும். உள்ளே நீடிலும் நீடில் ஜெட்டும் வேறு. உடலில் எண்ணுக்கு முன் ஆர், எல் என்ற எழுத்துகள் வலது, இடது என்பதைச் சொல்லும். டிக்ளரும் திருகுகளும் வெளிப்பக்கம் வர வேண்டுமானால் இரண்டும் ஒவ்வொன்று வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு வலதுகளை வாங்கினால் ஒரு பக்கத் திருகைத் தொட விரல் நுழையாது. ஸ்லைடில் 3 அல்லது 3½ என்று இருப்பது வெட்டின் உயரம், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கணக்கில். காற்று வடிகட்டியும் எக்ஸாஸ்டும் பழையபடியே இருந்தால் கையேட்டிலுள்ள அளவை அப்படியே போடுங்கள். வடிகட்டியைக் கழற்றிவிட்டோ வேறு மஃப்ளர் போட்டோ இருந்தால் மெயின் ஜெட் மாற வேண்டும்; ஆனால் வடிகட்டியைத் திருப்பி மாட்டுவதுதான் என் ஆலோசனை. தூசு உள்ளே போனால் ஸ்லைடும் சிலிண்டரும் சேர்ந்தே தேயும்.

பொருத்துவதற்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழுவி, குழாயையும் புதிதாகப் போடுங்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் பாஞ்சோ இணைப்பில் இருக்கும் நைலான் வலையை மாட்டாமல் விடாதீர்கள். குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக் ஸ்லைடை எடுத்துவிட்டு ஓட்டுபவர்கள் அது போன மேல்மூடித் துளையை அடைத்துவிட வேண்டும். காற்றுத் திருகை மெல்ல உள்ளே வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். உள்ளே போனால் கலவை செறியும், வெளியே வந்தால் மெலியும். இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்பதுதான் இரட்டைக் கார்புரேட்டரின் உயிர்நாடி. ஒரே விட்டமுள்ள இரண்டு ட்ரில் பிட்டுகளை எடுத்து, அவற்றின் வழவழப்பான அடிப்பகுதியை ஸ்லைடுகளுக்கு அடியில் செருகி, ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் விழ வேண்டும். ஒன்று முந்தினால் கேபிள் அட்ஜஸ்டரைத் திருத்துங்கள். பழைய, இழுபட்ட கேபிளோடு இதைச் செய்வது வீண். கார்புரேட்டரோடு கேபிளையும் மாற்றிவிடுங்கள். பிறகு என்ஜினைச் சூடாக்கி, ஒரு பக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து என்ஜின் உடலில் படும்படி வைத்து, மற்ற பக்கத்தைத் தனியாக ஓடவிட்டுச் சரிசெய்யுங்கள். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டால் எலக்ட்ரானிக் இக்னிஷன் பாழாகும்.

பெட்ரோலையும் பேச வேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். சூப்பர் வகையில் 5 வரைதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், துத்தநாகத்தை அரிக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். அத்தோடு அதில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை சற்று மெலியும். முடிந்தவரை சூப்பர் வகையை ஊற்றுங்கள். குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தும்போது இரண்டு கிண்ணங்களையும் வடித்துவிடுங்கள். கண்ணாடியிழை டேங்கு வைத்த கமாண்டோக்காரர்களுக்கு இது இன்னும் கடுமையான விஷயம்: எத்தனால் அந்த டேங்கின் ரெசினைக் கரைத்து, புதிய கார்புரேட்டருக்குள் பிசினாகக் கொண்டுவந்து சேர்க்கும். டேங்கைக் கவனிக்காமல் கார்புரேட்டர் வாங்காதீர்கள்.

டி140 வைத்திருப்பவர்கள் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1978இல் அமெரிக்காவின் புகை விதிகளுக்காக வந்த டி140இ மாதிரியில் மார்க் 2 கான்சென்ட்ரிக், சதுர உடல், ரப்பர் இணைப்பு. அதற்கு மார்க் 1 நேரடி மாற்று அல்ல. 1967க்கு முந்தைய வண்டிகளில் இருந்தது மோனோபிளாக். அதுவும் இப்போது புதிதாகக் கிடைக்கிறது. கான்சென்ட்ரிக்கை அதில் பொருத்துவது நடைமுறையில் சாத்தியம்தான், ஆனால் வண்டியின் முகமே மாறிவிடும்.

கடைசியாக, நம் ஊர் புல்லட் வைத்திருக்கும் நண்பர்களுக்கு. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வடிவமைத்து 1950களிலிருந்து சென்னை திருவொற்றியூரில் செய்யப்பட்ட வண்டி அது. வார்ப்பிரும்பு என்ஜின் 350, 500களில் பின்னாளில் வந்த மிக்கார்ப் கார்புரேட்டர், மிகுனியின் தொழில்நுட்பத்தில் சென்னையின் யூகால் நிறுவனம் செய்தது. அமல் மரபின் ஒரு கிளை அப்படித்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. அந்த வண்டிக்கு அமலைத் தேடி அலைய வேண்டாம். 350-க்கு 24 மி.மீ., 500-க்கு 28 மி.மீ. அளவில் அசல் மிக்கார்ப்பையே வாங்கி, எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகப் பைலட்டையும் மெயினையும் ஒரு படி கூட்டிப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் வெள்ளையாக இருந்தால் கூட்டியது போதவில்லை. கரி படிந்தால் பழைய ஜெட்டுக்குத் திரும்புங்கள்.